ஐந்தாம் சக்கரம் மலை இறங்கிய கதை

கனடாவின் மேற்குப் பக்கம் காரில் போனவர்கள் அந்த மஞ்சள் பலகையைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரு முக்கோணச் சரிவு, அதன்மேல் ஒரு லொறி, பக்கத்தில் 6%, 7%, 8% என்று ஒரு எண். 8% என்றால் 100 மீற்றர் முன்னே போகும்போது 8 மீற்றர் கீழே இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் பின்னால் பாரம் கட்டியிருப்பவருக்கு அது சின்ன எண் இல்லை.

எங்கள் ஆட்களில் லொறி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்ட அண்ணாமாரும் மாமாமாரும் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு மலைப்பக்கம் போகும் குடும்பங்களும் இருக்கின்றன. இன்னும் சில வருடங்களில் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவது உங்களில் சிலர். அதனால் இந்த முறை ஒரு பாதுகாப்புக் கதை. இதில் வரும் ஒவ்வொரு விதியும் யாரோ பட்டு அறிந்த விதி.

"ஐந்தாவது" சக்கரம் எங்கே?

பிக்கப்பின் பின் தட்டுக்கு நடுவில் பூட்டி இழுக்கும் பெரிய ட்ரெய்லரை "ஃபிஃப்த் வீல்" என்கிறோம். ஆனால் எண்ணிப் பார்த்தால் ஐந்தாவது சக்கரம் எதுவும் உருளாது. அந்தப் பெயர் குதிரை வண்டிக் காலத்தில் வந்தது. நாலு சக்கர வண்டி வளைவில் திரும்ப வேண்டுமென்றால் முன் அச்சு திரும்ப வேண்டும். அதற்காக வண்டியின் உடலுக்கும் முன் அச்சுக்கும் நடுவில் ஒரு இரும்பு வளையத்தைப் படுக்கையாக வைத்தார்கள். நிற்காமல் படுத்திருந்த அந்த வளையம்தான் ஐந்தாம் சக்கரம்.

1914ஆம் ஆண்டு டிட்ராய்ட் நகரில் ஓகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் ஒரு மர வியாபாரி வந்தார். தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதை ஃபோர்ட் மொடல் ரீ கார் இழுக்க வேண்டும் என்றார். ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்த வண்டிக்கு முன்பக்கம் சக்கரம் இல்லை. அதன் முன் பாரம் இழுக்கும் கார்மீதே உட்கார்ந்தது. அதற்கு அவர் "செமி ட்ரெய்லர்" என்று பெயர் வைத்தார். இன்று நெடுஞ்சாலையில் ஓடும் பெரிய லொறிகளின் மூதாதைகளில் ஒன்று அது.

இதே முறையை விடுமுறை வண்டிக்குக் கொண்டுவந்தவர் விமானங்கள் செய்து புகழ்பெற்ற கிளென் கேர்ட்டிஸ். அவருடைய "ஏரோகார்" ட்ரெய்லரைக் காரோடு இணைக்க ஒரு விமான டயரைப் படுக்கையாகப் பொருத்தினார். குலுக்கலை அந்த டயர் வாங்கிக்கொண்டது.

இந்த இணைப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு. ட்ரெய்லரின் முன் பாரம் பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலேயே இறங்குகிறது. அதனால் பம்பருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் ட்ரெய்லரைவிட இது குறைவாக ஆடும். ஆனால் இறக்கத்தில் இந்த நன்மை மட்டும் உங்களைக் காப்பாற்றாது. எப்படிப் பூட்டினாலும் பாரம் பாரம்தான்.

பாரம் எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிக்கப் 3 தொன், ட்ரெய்லர் 7 தொன், மொத்தம் 10 தொன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கொக்கிஹாலா நெடுஞ்சாலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,244 மீற்றர். அங்கிருந்து ஹோப் என்ற ஊருக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தை இழக்கிறோம். பள்ளியில் படித்த சூத்திரத்தில் நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் வரும் சக்தி சுமார் 118 மெகாஜூல். 300 லீற்றருக்கும் மேற்பட்ட குளிர்நீரைக் கொதிக்க வைக்க அது போதும்.

அந்தச் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சத்தைக் காற்றும் டயர்களும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் எடுக்க வேண்டும், அல்லது பிரேக் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது சூடேறும், மணக்கும், புகைக்கும். கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. மலை இறக்கத்தின் வரலாறு முழுவதும் இந்தச் சூட்டை எங்கே அனுப்புவது என்ற ஒரே கேள்விதான்.

கயிறும் மரமும்

1840களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் அமெரிக்காவின் மேற்குக்கு, ஒரிகன் பாதை வழியாகப் போனார்கள். நெப்ராஸ்காவில் "விண்ட்லஸ் ஹில்" என்று இன்று அழைக்கப்படும் இடத்தில் சரிவு ஏறத்தாழ 25 பாகை. மாடுகளால் வண்டியை இழுக்க முடியும், ஆனால் தள்ளிக்கொண்டு வரும் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டினார்கள். பின்னால் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள்.

1846இல் திறந்த பார்லோ பாதையில், ஹூட் மலையின் பக்கத்தில் இருந்த லாரல் ஹில் இன்னும் மோசம். அங்கே கயிற்றை மரத்தில் சுற்றி, உரசலின் பலத்தால் வண்டியை மெதுவாக இறக்கினார்கள். சிலர் வெட்டிய மரத்தையே வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஐரோப்பாவில் சக்கரத்துக்கு அடியில் ஒரு இரும்புச் "செருப்பை" மாட்டி, சக்கரம் உருளாமல் சறுக்கும்படி செய்வது வழக்கம்.

இந்த முறைகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது. கயிற்றைக் கட்டியது, சங்கிலியைப் பூட்டியது எல்லாம் உச்சியில் நின்று. பாதி இறக்கத்தில் கட்டுவதற்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

பெரிய மலையும் மூன்று சந்திகளும்

மாட்டு வண்டிகளுக்கு அடுத்து ரயில் வந்தது. கனேடிய பசிபிக் ரயில்பாதை 1884இல் கிக்கிங் ஹோர்ஸ் கணவாய் வழியாக இறங்கியது. காசைச் சேமிக்க, ரயிலுக்குப் பொருந்தாத 4.5% சரிவில் பாதை போட்டார்கள். "பிக் ஹில்" என்று பெயர். அதில் இறங்கிய முதல் கட்டுமான ரயிலே கட்டுப்பாட்டை இழந்து ஓடி ஆற்றில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு நிறுவனம் அந்த இறக்கத்தில் மூன்று பாதுகாப்புச் சந்திகளை அமைத்தது. ஒவ்வொன்றிலும் பிரதான பாதையிலிருந்து ஒரு கிளைத் தண்டவாளம் பிரிந்து மேட்டை நோக்கிப் போகும். சந்தி எப்போதும் அந்த மேட்டுப் பக்கமே திருப்பி வைக்கப்பட்டிருக்கும். வரும் ரயில் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் அங்கே நிற்கும் ஊழியர் அதைப் பிரதான பாதைக்குத் திருப்புவார். இல்லாவிட்டால் ரயில் மேட்டில் ஏறி, தானாக வேகம் இழந்து நிற்கும். பயணிகள் ரயில்கள் மணிக்கு 13 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் இறங்கக்கூடாது என்பதும் விதி. 1909இல் மலைக்குள் சுருள் சுரங்கங்கள் வெட்டிச் சரிவை 2.2% ஆகக் குறைத்தார்கள். கைவிடப்பட்ட பழைய ரயில்பாதையின் வழியில்தான் இன்று ட்ரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை போகிறது.

உங்கள் சொந்தக்காரர் யாராவது ஊட்டிக்கு மலை ரயிலில் போயிருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எஞ்சின் எந்தப் பக்கம் இருந்தது? 1899இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அந்தப் பாதையில் 12 அடிக்கு 1 அடி, அதாவது 8%க்கும் அதிகமான சரிவு உண்டு. அங்கே எஞ்சின் எப்போதும் இறக்கப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொள்ளும். ட்ரெய்லரோடு இறங்கும் பிக்கப் நிற்பதும் அதே இடத்தில்தான். ஏறும்போது அது இழுக்கிறது. இறங்கும்போது அதன் வேலை இழுப்பது அல்ல, தாங்குவது.

ரயில் கடவைக்கு முன் சில நொடிகள்

1931ஆம் ஆண்டு கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் தன் டீசல் எஞ்சின் பூட்டிய லொறியை நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை ஓட்டினார். டீசல் எவ்வளவு சிக்கனம் என்று நாட்டுக்குக் காட்டுவது அவர் நோக்கம். மொத்த எரிபொருள் செலவு 11 டொலர் 22 சதம்தான். ஆனால் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் விட்டுவிட்டது. கீழே ரயில் கடவை. அதில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி கடந்து போன உடனேயே லொறி தண்டவாளத்தைத் தாண்டியது. மயிரிழையில் தப்பினார்கள்.

அவருக்கு விளங்கிய விஷயம் இது. பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று வரும் வழி மூடும். எஞ்சின் காற்றை உறிஞ்சப் பாடுபட்டு வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அப்படி மூடும் கதவு இல்லை. அது காற்றை அழுத்துகிறது, ஆனால் அழுத்திய காற்று ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளிவிடுகிறது. போட்ட உழைப்பு திரும்பி வந்துவிடுகிறது.

ஒரு சைக்கிள் பம்ப்பை எடுத்து வாயை விரலால் பொத்திக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கையை விட்டால் பிடி மேலே வரும். ஆனால் நன்றாக அழுத்திய பிறகு விரலை எடுத்தால் "புஸ்" என்று காற்று போய்விடும், பிடி திரும்பி வராது. கம்மின்ஸ் பல வருடங்கள் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு கண்டுபிடித்தது அதுதான். காற்று முழுதாக அழுந்திய நேரத்தில் வெளியேற்றும் வால்வைத் திறந்துவிடுவது. எஞ்சின் உடனே பிரேக்காக மாறுகிறது. 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. "ஜேக் பிரேக்" என்ற பெயர் அப்படி வந்தது. ஊர் எல்லைகளில் எஞ்சின் பிரேக் போடாதே என்று பலகை இருக்கிறதே, அது இந்த "டடடட" சத்தத்துக்காகத்தான். இன்றைய டீசல் பிக்கப்களில் பொதுவாக வேறு முறை இருக்கிறது. புகை வெளியேறும் வழியை நெருக்கி எஞ்சினைத் திணற வைப்பார்கள். நோக்கம் ஒன்றே: சூட்டைப் பிரேக்குக்கு அனுப்பாமல் எஞ்சின் வழியாக வெளியேற்றுவது.

விட்டுப்போனால்?

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் பிரேக் விடலாம். பிக் ஹில்லின் மேட்டுத் தண்டவாளத்தின் அதே யோசனை, 1950களில் கலிபோர்னியாவில் லொறிகளுக்கும் வந்தது. சாலையோரம் மேடு நோக்கிப் போகும் ஒரு பாதை, அதில் ஆழமாகக் கூழாங்கல். டயர் கல்லுக்குள் புதையும், வண்டி நிற்கும். 1986 மே மாதம், வான்கூவரில் எக்ஸ்போ 86 நடந்த வருடம் திறந்த கொக்கிஹாலாவில் இப்படிப் பல பாதைகளைப் பார்க்கலாம். அவை லொறிக்கு மட்டும் அல்ல. பிரேக் விட்ட எந்த வண்டிக்கும்தான். வண்டி பழுதாகும், ஆள் பிழைப்பார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2019 பெப்ரவரி 4ஆம் தேதி, அதே கிக்கிங் ஹோர்ஸ் கணவாயில், 112 பெட்டிகள் கொண்ட தானிய ரயில் ஒன்று சரிவில் நிறுத்தப்பட்டிருந்தது. குளிர் -28 பாகை. அதைப் பிடித்து வைத்திருந்தது காற்று பிரேக் மட்டுமே, கை பிரேக்குகள் போடப்படவில்லை. சுமார் மூன்று மணி நேரத்தில் காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. ரயில் தானாக நகரத் தொடங்கியது. அப்போதுதான் பொறுப்பெடுத்திருந்த மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். 1884இலும் மூன்று பேர், 2019இலும் மூன்று பேர்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நாளில்

இந்த வரலாறு சொல்லித் தருவது மூன்று விஷயங்கள்தான்.

ஒன்று, வேகத்தை உச்சியில் முடிவு செய்யுங்கள். மலை உச்சியில் பிரேக் பார்க்கும் இடம் இருக்கும். நிற்பாட்டி இறங்குங்கள். ட்ரெய்லர் பிரேக் வேலை செய்கிறதா, இணைப்பு பூட்டியிருக்கிறதா, டயர் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கம் தொடங்க முன்னரே கியரைக் குறையுங்கள். வண்டியில் "டோ ஹோல்" பட்டன் இருந்தால் போடுங்கள். பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கியரைக் குறைப்பது கடினம்.

இரண்டு, எல்லாவற்றையும் ஒரே பிரேக்கில் தொங்கவிடாதீர்கள். முதலில் எஞ்சின் தாங்கட்டும். வேகம் நீங்கள் நினைத்த எல்லையைத் தொட்டால், பிரேக்கை நன்றாக மிதித்து மணிக்கு 8 அல்லது 10 கிலோமீற்றர் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். பிறகு மறுபடியும். இறக்கம் முழுவதும் காலை இலேசாக வைத்துக்கொண்டே போனால் பிரேக்குக்கு ஆற நேரமே கிடைக்காது. ட்ரெய்லரின் பிரேக்கும் தன் பங்கைச் செய்யும்படி அதன் கன்ட்ரோலரைப் பாரத்துக்கு ஏற்றபடி சரிப்படுத்தி வையுங்கள்.

மூன்று, விட்டுப்போகும் என்று நினைத்தே ஏற்பாடு செய்யுங்கள். ட்ரெய்லரிலிருந்து பிக்கப்புக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். ட்ரெய்லர் கழன்றால் அந்தக் கம்பி ஒரு ஊசியை இழுக்கும், உடனே ட்ரெய்லரின் சொந்த பற்றரி அதன் பிரேக்கைப் போடும். அந்தக் கம்பி பூட்டியிருக்கிறதா, பற்றரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கூழாங்கல் பாதை எத்தனையாவது கிலோமீற்றரில் வருகிறது என்பதையும் உச்சியில் உள்ள பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிப்பார். அடிக்கட்டும். இடம் வந்ததும் ஒதுங்கி அவரை முன்னே விடுங்கள். உங்கள் பின்னால் 7 தொன் இருக்கிறது, அவர் பின்னால் இல்லை.