மது தாங்காமை

சிறிதளவு மது குடித்ததுமே, போதை ஏறுவதற்கு முன்பாகவே, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலைவலியோ குமட்டலோ வரும் நிலை மது தாங்காமை எனப்படும். இதற்கு மரபணு, மருந்து, நோய் எனப் பல காரணங்கள் உண்டு.

கல்லீரல் மதுவிலுள்ள எத்தனாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. பிறகு ஏஎல்டிஹெச்2 என்ற நொதி அதைத் தீங்கற்ற அசிட்டேட்டாக்குகிறது. இந்த நொதி முடங்கினால் நச்சு இரத்தத்தில் தேங்கி இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது.

கிழக்காசிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த முடக்கம் பிறவியிலேயே இருக்கிறது. இந்த நொதிக்கான மாறிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களால் ஒரு கோப்பைகூடக் குடிக்க முடிவதில்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் சிவந்த முகத்தோடே குடித்துப் பழகிவிடுவதுண்டு. உணவுக்குழாய்ப் புற்றுநோய் இவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது.

மருந்தும் இதே நொதியை முடக்கும். ரப்பருக்கான வேதிப்பொருளைக் கையாண்ட அமெரிக்க ஆலைத் தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமற் போனது 1937இல் பதிவானது. அதன் உறவுப்பொருளான டைசல்ஃபிராமைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஹால்டும் எரிக் யாகோப்சனும் அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதன்மேல் மது குடித்தபோது உடம்பு படாதபாடு பட்டது. 1948 முதல் அது குடியை நிறுத்தும் மருந்தாகிவிட்டது. இந்தியாவிலும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ இதைக் கலந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சில செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக்குகளும் இப்படியே மதுவோடு மோதும். மெட்ரோனிடசோல் என்ற மருந்தோடும் மது கூடாது என்ற எச்சரிக்கை உண்டு. ஆனால் அது இந்த நொதியை முடக்குகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

நொதியில் குறையில்லாதவர்களுக்கும் தொல்லை வரலாம். ஒயினிலுள்ள சல்ஃபைட் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். பீரில் உள்ள பார்லியோ கோதுமையோ ஒவ்வாமை தரலாம். ரொசேசியா என்ற தோல்நோய் உள்ளவர்களின் முகம் மேலும் சிவக்கும். எடை குறைக்க இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களின் இரத்தத்தில் மது விரைந்து கலப்பதால், முன்பு பழகிய அளவே அவர்களுக்கு மிகையாகிறது. அரிதாக, மது குடித்தவுடன் கழுத்திலோ அக்குளிலோ உள்ள நிணநீர் முடிச்சு வலிப்பது ஹாட்கின் லிம்போமா என்ற புற்றுநோயின் அறிகுறியாக இருப்பதுண்டு.

பல ஆண்டுகள் குடித்தவருக்குத் திடீரென மது ஒத்துக்கொள்ளாமற் போனால், அண்மையில் தொடங்கிய மருந்துகளையும் கல்லீரலின் நிலையையும் மருத்துவர்கள் ஆராய்வது வழக்கம்.