மாகாண எல்லையும் மொழியுரிமையும்: புத்தளக் கரையின் வரலாறு

ஈழத்துத் தமிழ் பேசும் மக்களின் அரசியலுரிமை பற்றி எழுதுவோர் வடக்கையுங் கிழக்கையுமே பெரிதும் நோக்குவர். மேல்பாற் கரையிலே, சிலாபந் தொடங்கிக் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் நிலத்தை நினைப்போர் சிலரே. முன்னேச்சரமும், திரௌபதையம்மன் கோயிலுக்குப் பேர்பெற்ற உடப்பும், புத்தளத்து முஸ்லிம் ஊர்களும் இந்நிலத்திலேயே உள்ளன. வாக்குரிமை, அதிகாரப் பரவலாக்கம், மொழியுரிமை ஆகிய மூன்றும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, ஒன்று சாய மற்றவை எவ்வாறு சாய்கின்றன என்பதை அறிய இதனினுஞ் சிறந்த இடம் வேறில்லை எனலாம்.

கோல்புறூக் விசாரணையின் பயனாக 1833 ஆம் ஆண்டிற் சட்டநிரூபண சபை நிறுவப்பெற்றது. உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவருள் மூவர் ஐரோப்பியர்; சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வோர் ஆசனம். தேர்தல் இல்லை, தேசாதிபதியின் நியமனமே. தமிழருக்குரிய அவ்வோர் ஆசனத்தில் 1838 முதல் 1845 வரை வீற்றிருந்தவர் யாழ்ப்பாணத்தவருமல்லர், மட்டக்களப்பினருமல்லர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியவர்களே. 1834 இல் இலங்கை இடவிவரண நூலையும், 1859 இல் தமிழ்ப் புலவர் சரிதத்தை ஆங்கிலத்திற் கூறும் ‘தமிழ் புளூட்டாக்’ நூலையும் வெளியிட்ட அறிஞர் அவர். முஸ்லிம்களுக்கு 1889 வரை தனி ஆசனம் வழங்கப்படவில்லை. இத்தீவின் தமிழ் பேசும் மக்கள் அனைவருக்குமாகப் பேசும் வாய்ப்பு அக்காலத்திற் புத்தளக் கரையான் ஒருவனுக்குக் கிட்டிற்று என்பது இன்று வியப்பாகத் தோன்றும்.

அவர் சபையை விட்டு நீங்கிய 1845 ஆம் ஆண்டிலேயே இக்கரையின் விதியை நிருணயித்த பிறிதொரு செயலும் நிகழ்ந்தது. மேல் மாகாணத்தோடிருந்த புத்தளமும் சிலாபமும் ஏழு கோறளையும் பிரிக்கப்பட்டு வடமேல் மாகாணமாயின. முதலிற் புத்தளமே தலைநகர். 1856 இல் அச்சிறப்புக் குருநாகலுக்குச் சென்றது. வரி திரட்டலும் நிருவாக வசதியுமே அக்கால அதிகாரிகளின் நோக்கம். மொழியை நினைந்து எவரும் அக்கோட்டை வரைந்தாரல்லர். ஆயினும் நூறாண்டுகளுக்குப் பின், ஒருவன் அரசினர் கந்தோரில் எம்மொழியிற் பேசலாம் என்பதை அக்கோடே தீர்மானிக்கலாயிற்று.

டொனமூர் அரசியற் றிட்டம் 1931 இல் இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை நல்கியது. அதற்கு முன் மக்களுள் நூற்றுக்கு நால்வரளவினரே வாக்காளர். இப்பெருங் கொடையோடு இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தது. சிதறி வாழும் சிறுபான்மையினர்க்கு இது இருமுனைக் கத்தியாயிற்று: வாக்குக் கிட்டிற்று, அவ்வாக்கு ஆசனமாக மாறுமென்ற உறுதி கிட்டவில்லை. சோல்பரித் திட்டம் இக்குறையை ஓரளவு நீக்க முயன்றது. 75,000 பேருக்கோர் ஆசனமென்பதோடு, ஆயிரஞ் சதுர மைலுக்கோர் ஆசனமும் மாகாணத்திற்குச் சேர்த்தளிக்கப்பட்டது. குடித்தொகை குறைந்து பரப்பு விரிந்த பகுதிகளுக்கு இம்முறை துணையாயிற்று. புத்தளத் தொகுதி 1947 இல் எச். எஸ். இஸ்மாயில் அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1956 ஏப்பிரலில் அவரே சபாநாயகரானார். அப்பதவியேற்ற முதல் முஸ்லிம் அவர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சபையில் விவாதிக்கப்பட்ட வேளை தலைமையாசனத்தில் இருந்தவர், தமிழ் பேசும் முஸ்லிம்கள் மிகுந்த புத்தளத்தின் பிரதிநிதி. சபாநாயகர் பக்கஞ் சாராதிருத்தல் மரபு. வரலாறு சில வேளைகளில் இத்தகைய விசித்திரங்களைச் செய்யும்.

அதன்பின் வந்த பரிகாரங்களை நுணுகி நோக்குக. 1957 யூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை, வடக்கு கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழாதல் வேண்டும் என்றது. அம்மாகாணங்களில் வாழுந் தமிழ் பேசாத சிறுபான்மையினர்க்கு வேண்டிய ஏற்பாடு செய்யப்படல் வேண்டும் என்றுங் கூறிற்று. வடக்கு கிழக்கிற்கு வெளியே வாழுந் தமிழ் பேசுஞ் சிறுபான்மையினர்க்கு நிருவாகத்தில் அதற்கிணையான ஏற்பாடு அதில் இல்லை. அவ்வுடன்படிக்கை 1958 ஏப்பிரலிற் கிழித்தெறியப்பட்டது. அவ்வாண்டின் 28 ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் கல்வியிலும், அரசாங்க சேவைப் பரீட்சையிலும், கடிதத் தொடர்பிலும் தமிழுக்கு இடந்தந்தது; நிருவாகமென்று வந்தவிடத்து வடக்கு கிழக்கோடு நின்றது. 1966 சனவரியில் நிறைவேறிய ஒழுங்குவிதிகளும் அவ்வாறே. உடன்படிக்கையைத் தாக்கினோரும் தாங்கினோரும் மாகாண எல்லையையே மொழியின் எல்லையாகக் கொண்டனர். உரிமை நிலத்துக்குரியதோ மனிதனுக்குரியதோ என்ற வினாவைப் புத்தளக் கரையே எழுப்பியது, விடை கூறுவாரிலர்.

இதற்கிடையே தென்கோடியில் வேறொரு மாற்றம் ஓசையின்றி நடந்தது. நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் பலவற்றில் வீட்டு மொழி தமிழ்; பள்ளிக்கூட மொழி சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சிங்களமாயிற்று. ஒரு தலைமுறை இருமொழியாளராயிற்று. அடுத்த தலைமுறை பாட்டியோடு மட்டுந் தமிழ் பேசிற்று. எச்சட்டமும் அவர்களைத் தமிழ் பேசாதீர் என்று தடுக்கவில்லை. அரிச்சுவடி மாறினால் சட்டம் மாறவேண்டியதில்லை. உடப்பிலே கோயிலும் பள்ளிக்கூடமும் தமிழில் நின்றமையால் தமிழ் நின்றது.

1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. மாகாண சபைகளையும் தோற்றுவித்தது. வடமேல் மாகாண சபைக்கு 1988 ஏப்பிரலில் முதற் றேர்தல் நடைபெற்றது. தமிழர் போராட்டத்தின் பயனாக வந்த சபைகள் வடக்கு கிழக்கிற்கு முன்னரே சிங்களர் பெரும்பான்மையினராய மாகாணங்களில் இயங்கத் தொடங்கின. புத்தளத்தாருக்கோ அதிகாரம் கொழும்பிலிருந்து இறங்கிக் குருநாகலில் நின்றது. கற்பிட்டி வரை வரவில்லை. 2013 இற் றெரிவான சபையின் காலம் 2018 இல் முடிவுற்றபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன.

1988 டிசம்பரிற் பதினாறாந் திருத்தம் ஒரு கதவைத் திறந்தது. வடக்கு கிழக்கொழிந்த மாகாணங்களில் நிருவாகமும் பதிவேடும் சிங்களத்தில் இருக்கும். எனினும் உதவி அரசாங்க அதிபர் பிரிவொன்றில் மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தை நோக்கி, இருமொழியும் வழங்குமாறு சனாதிபதி பணிக்கலாம். மாகாணத்தை விட்டுப் பிரிவை அலகாகக் கொண்டமையே இதன் சிறப்பு. கற்பிட்டி, புத்தளம் முதலிய பிரிவுகள் இவ்வாறு இருமொழிப் பிரிவுகளாயின. பிரகடனஞ் செய்தல் எளிது. தமிழறிந்த எழுதுவினைஞரை நியமித்தலே அரிது. தமிழில் விண்ணப்பித்தவனுக்குச் சிங்களத்தில் மறுமொழி வருமாயின், பிரகடனம் வர்த்தமானியோடு நின்றுவிடும்.

வாக்கின் நிலையும் மாறிற்று. விகிதாசார முறையில் 1989 இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலிற் புத்தளம், ஆனமடுவ, சிலாபம், நாத்தாண்டியா, வென்னப்புவை என்பன ஒரே தேர்தல் மாவட்டமாயின. விகிதாசாரம் சிறுபான்மையினரைக் காக்கும் என்பது பொதுவாக உண்மையே. ஆயினும் பழைய தொகுதியில் வலுவாயிருந்த முஸ்லிம் வாக்குகள், விரிந்த மாவட்டத்திற் பல கட்சிகளுக்குஞ் சிதறி, விருப்பு வாக்குப் போட்டியில் அமிழ்ந்தன. மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் உறுப்பினர் வாக்காளராற் றெரிவாவதற்கு 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களுட் பெரும்பாலோர் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தனர். இவர்களால் இக்கரையின் தமிழ் வழக்குப் பெருகியது. வாக்குரிமைச் சிக்கலும் பெருகியது. புத்தளத்தில் வாக்காளராய்ப் பதிந்தால் பிறந்த ஊரின் பிடி தளரும். மன்னாரிற் பதிந்தால், நீரும் பள்ளிக்கூடமும் வேண்டிநிற்கும் இடத்தில் அவர்களுக்கு வாக்கில்லை. இடம்பெயர்ந்தோர் பழைய இருப்பிடத்திலேயே பதிய வழிசெய்தது 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க வாக்காளர் பதிவு விசேட ஏற்பாடுகள் சட்டம். 2019 நவம்பர் 16 ஆந் தேதி சனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பேருந்துகள் தந்திரிமலைக்கு அண்மையில் மறிக்கப்பட்டுச் சுடப்பட்டன. உயிர்ச்சேதமில்லை. பேருந்துகள் மன்னாரை நோக்கியே மேற்சென்றன.