பழைய மினி ஹிட்டாச்சி வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

தோப்புக்குள் வாய்க்கால் வெட்டணும், முள்வேலிக்குக் குழி எடுக்கணும், வேர்க்கட்டையைப் பிடுங்கணும். ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்குக் காத்திருப்பதற்குப் பதில் சொந்தமாகவே ஒன்று வாங்கிடலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம்ம ஊரில் இதற்குப் பெயர் 'மினி ஹிட்டாச்சி'தான். புதுசு பட்ஜெட்டுக்குள் வராதபோது, பார்வை பழைய வண்டி பக்கம் திரும்புகிறது. அப்படி வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்? பார்க்கலாம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

முதலில் ஒரு சின்ன கணக்கு. வண்டி விலை 12 லட்சம் ரூபாய், உங்கள் ஊரில் மணி வாடகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு 1,200 மணி நேரம் வாடகைக்கு ஓட்டலாம். தினம் 8 மணி நேரம் என்றால் 150 நாள் வேலை. வாடகையில் டீசலும் ஆபரேட்டர் சம்பளமும் பெரும்பாலும் அடங்கிவிடும். சொந்த வண்டிக்கு இரண்டும் தனிச் செலவு. அவ்வளவு வேலை உங்கள் நிலத்தில் இருக்கா?

மணி மீட்டரை மட்டும் நம்பலாமா?

கூடாது. வருஷத்துக்கு 1,000 மணி நேரம் வாடகைக்கு ஓடிய 5 வருஷ வண்டி என்றால் 5,000 மணி நேரம் காட்டணும். மீட்டர் 1,500 என்று சொன்னால் காரணம் கேளுங்க. பெடல், லீவர், சீட் தேய்ந்திருப்பதையும், சர்வீஸ் பில்களையும் மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்க.

என்ஜினில் என்ன பார்க்கணும்?

போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் உண்மையான சோதனை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு.

ஹைட்ராலிக் சோதனை

குறைந்தது அரை மணி நேரம் வேலை வாங்கிப் பாருங்க. குளிர்ந்திருக்கும்போது நன்றாகத் தோண்டிவிட்டு, சூடானதும் சோர்ந்துபோனால் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பூமை உயர்த்தி நிறுத்துங்க. லீவரைத் தொடாமலேயே அது மளமளவென இறங்கினால் சிலிண்டர் சீல் அல்லது வால்வு கசிகிறது. நேராக ஓட்டும்போது ஒரு பக்கமாக இழுத்தால் டிராவல் மோட்டாரைச் சந்தேகப்படணும்.

அடியில் குனிந்து பாருங்க

செயின் வண்டியில் பெரிய செலவு வைப்பது அடிப்பாகம்தான். ரப்பர் டிராக்கில் வெடிப்பு, வெளியே தெரியும் கம்பி, ஊசி மாதிரி தேய்ந்த ஸ்ப்ராக்கெட் பல் எல்லாமே விலையைக் குறைத்துப் பேச வேண்டிய இடங்கள். பக்கெட்டை ஆட்டிப் பார்த்தால் பின், புஷ் தேய்மானம் தெரியும். பூமில் புது பெயின்ட் மட்டும் பளபளன்னு இருந்தால், அதன் அடியில் வெல்டிங் இருக்கான்னு பாருங்க.

எந்தெந்த பேப்பர் கேட்கணும்?

டயரில் ஓடும் ஜேசிபிக்கு ஆர்சி புக் இருக்கும். செயின் வண்டிகள் பல, இன்வாய்ஸை வைத்தே கைமாறுகின்றன. அதனால் ஒரிஜினல் இன்வாய்ஸ் முக்கியம். அதில் உள்ள சீரியல் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்க. கடன் இருந்தால், முடிந்ததற்கான என்ஓசி இல்லாமல் பணம் கொடுக்காதீங்க. ஜப்பானில் ஓடி இறக்குமதியான வண்டி என்றால் சுங்க ஆவணங்களையும் கேளுங்க. அந்த மாடலுக்கு உதிரிபாகம் இங்கே கிடைக்குமா என்றும் விசாரிக்கணும்.

வாங்கிய பிறகும் ஒரு எச்சரிக்கை

"ஒரு நாள் வண்டியைக் கொடுங்கண்ணே" என்று தெரிந்தவர் கேட்டாலும் என்ன வேலைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்க. அனுமதியில்லாமல் மண், கிராவல் அள்ளினால் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி இயந்திரத்தைப் பறிமுதல் செய்ய முடியும். தோண்டியது யாராக இருந்தாலும், பிடிபடுவது உங்கள் வண்டி.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி, பின்னால் வரும் பம்ப் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.