கயிறு பிடித்தவன்

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் அன்று நல்ல வெயில். 2023-இல் அங்கே திறந்த காட்சிக்கூடத்தில், கண்ணாடித் தளத்துக்குக் கீழே, தோண்டிய குழியிலேயே தாழிகள் இருக்கின்றன. என்னுடன் வந்தவன் தங்கை மகன், ஒன்பதாம் வகுப்பு. குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டான்:

"மாமா, இந்தத் தாழியைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் அசையாம நின்னா, அவன் செஞ்ச வேலை பூஜ்யம்னு எங்க புஸ்தகம் சொல்லுது. அப்போ கூலி குடுப்பாகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பதில்தான் வரவில்லை.

பௌதிகம் சொல்லும் வேலைக்கு விசை வேண்டும். அந்த விசையின் திசையில் பொருள் நகரவும் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவது வேலை. நகராத தாழிக்குக் கணக்கு இல்லை. ஆனால் சுமந்து நிற்பவனின் தசைநார்கள் ஓயாமல் இறுகித் தளர்கின்றன. உண்ட சோறு எரிகிறது, உடல் வியர்க்கிறது. சக்தி செலவாவது மெய். தாழிக்கு அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பையனின் கேள்வி என்னைக் கடலுக்கு இழுத்துச் சென்றது. ஆதிச்சநல்லூரைத் தாண்டி ஓடும் தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலைச் சேர்கிறது. கொற்கை செழித்திருந்த காலம் முதல் முத்துக் குளித்த கடல் அது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது.

குளிப்பவன், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து இறங்குவான். கல் அவனை விரைவில் அடியில் சேர்த்துவிடும். கல்லுக்கு அந்தச் சக்தி ஏது? முந்தின தடவை அதைத் தோணிக்கு இழுத்தவன் கொடுத்தது! அவன் உழைப்பே நிலையாற்றலாகக் கல்லில் தங்குகிறது. 1840-களில் ஜேம்ஸ் ஜூல், விழும் எடைகளைக் கொண்டு துடுப்புச் சுழற்றி நீரைச் சூடாக்கிக் காட்டியதும் இந்த ஆற்றலை வைத்துத்தான்.

கல் 15 கிலோ, ஆழம் 15 மீட்டர் என்று கொள்வோம். நீர் தாங்கும் பங்கைக் கழித்தால், ஒருமுறை இழுக்க ஏறக்குறைய 1,400 ஜூல். ஐந்தாறு அரிசிமணிக்குள் அடங்கிவிடும் சக்தி!

கல்லை இழுத்த பிறகு அவன் என்ன செய்வான்? குளிப்பவனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து வரும் ஒரு சுண்டலுக்காகக் காத்து நிற்பான். கயிறு நகராத அந்த நேரத்தில் வேலை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தில் ஓர் உயிர் தொங்கும். அதனால்தான் மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க வைப்பார்களாம். கை தவறினால் தாலி இழப்பவள் அவனுடைய சகோதரி அல்லவா?

சரித்திரமும் பௌதிகத்தைப் போலவே நகர்ந்ததை எண்ணுகிறது. முத்து ரோமாபுரிக்குப் போனதை எழுதுகிறது. கயிறு பிடித்து நின்ற மச்சானை எழுதுவதில்லை.

"பரீட்சையில் பூஜ்யம்னே எழுதுடா. அதுதான் சரி" என்றேன்.

"கூலி?"

"கூலி கணக்கு வேறே. அதைப் புஸ்தகத்திலே தேடாதே."