படகின் வேகத்தைக் குறைக்கும் ஒரு துணிப்பையின் கதை



கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். அங்கே ஏரியில் மீன் பிடிக்கும்போது படகின் பக்கவாட்டில் பெரிய துணிப்பை ஒன்றைக் கட்டித் தண்ணீரில் விடுகிறார்களாம். அதன் பெயர் டிரிஃப்ட் சாக். "சார், படகுக்குக் காலுறை மாட்டுகிறார்கள். நம் ஊரில் இப்படி எதுவும் உண்டா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. நம் ஊர்க் கடலின் கதையும் அதற்குள் வந்துவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

முதலில் பையைப் பற்றி. கான்வாஸ் அல்லது நைலான் துணியில் புனல் வடிவத்தில் தைத்திருப்பார்கள். வாய் அகலம், வால் பக்கம் சின்ன ஓட்டை. படகு நகரும்போது தண்ணீர் வாய் வழியாகப் புகுந்து, சின்ன ஓட்டை வழியாக வெளியேற முடியாமல் திணறும். அந்தத் திணறல்தான் படகைப் பின்னால் இழுக்கிறது. தூண்டிலைப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே போகும் மீன்பிடியில் வேகம் மிக முக்கியம். வஞ்சிரம், சூரை போன்ற மீன்கள் வேகமாக ஓடும் இரையைத் துரத்தும். பல ஏரி மீன்களோ மணிக்கு இரண்டு மைல் வேகத்தைத் தாண்டினால் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்ஜினை எவ்வளவுதான் தணித்தாலும் படகு ஓர் அளவுக்குக் கீழே வேகம் குறையாது. அந்த மிச்ச வேகத்தைப் பை தின்றுவிடும்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் பையின் இழுவை நான்கு மடங்காகும். ஒரு மீட்டர் அகல வாய் உள்ள பை, 2 நாட் வேகத்தில் ஏறக்குறைய 50 கிலோ எடையின் அளவுக்குப் பின்னால் இழுக்கும். 4 நாட் வேகத்தில் அதே பை 200 கிலோ அளவுக்கு இழுக்கும். படகு அவசரப்பட்டால் கடுமையாகத் தடுக்கும், மெதுவாகப் போனால் சும்மா இருக்கும். இன்ஜினைக் கூட்டிக் குறைத்துக் கொண்டே இருக்க வேண்டிய வேலையை ஒரு துணி செய்துவிடுகிறது.

நம் கரையில் இது உண்டா என்பதுதான் கேள்வி. பை இருந்ததோ இல்லையோ, வேலை இருந்தது. மிதக்கும் வலையை விட்டுவிட்டு அதன் ஒரு முனையைப் படகில் கட்டிக் காத்திருப்பார்கள். தண்ணீருக்குள் தொங்கும் அந்த வலையே படகைக் காற்றோடு ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று கோலா மீன்பிடி. பறக்கும் மீன் என்கிறோமே, அதுதான் கோலா. சோழமண்டலக் கரைக் கட்டுமரங்கள் கோடையில் ஆழ்கடலுக்குப் போய்ப் பாயை இறக்கிவிட்டு, இலை தழைக் கட்டுகளைக் கயிற்றில் கட்டி நீரில் மிதக்கவிடும். முட்டையிட இடம் தேடும் கோலா அந்தத் தழைகளைத் தேடி வரும், கைவலையால் அள்ளுவார்கள். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களில் இந்தக் கோலா மீன்பிடியைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். இங்கே வேகம் என்பதே கிடையாது. பாயை இறக்கிப் படகைத் தண்ணீரின் போக்கில் விடத் தெரிந்தவருக்குத்தான் மீன்.

இந்த யோசனை மிகப் பழையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்கர் ஹெரடோட்டஸ், நைல் நதிப் படகுகளைப் பற்றி எழுதுகிறார். நீரோட்டத்தோடு இறங்கும்போது படகுக்கு முன்னால் ஒரு தெப்பத்தை மிதக்கவிடுவார்களாம். பின்னால் துளையிட்ட கல் ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆற்றின் அடியில் இழுத்துக்கொண்டு போவார்களாம். தெப்பம் முன்னே இழுக்கும், கல் பின்னே பிடிக்கும், நடுவில் படகு நேராகப் போகும். விவிலியத்தில் அப்போஸ்தலர் பணிகள் 27-ஆம் அதிகாரம் படித்தவர்களுக்குத் தூய பவுல் போன கப்பல் புயலில் சிக்கிய கதை நினைவிருக்கும். மாலுமிகள் ஏதோ ஒரு கருவியைக் கடலில் இறக்கிவிட்டுக் கப்பலைக் காற்றின் போக்கில் போகவிட்டார்கள் என்று அதில் வருகிறது. அது மிதக்கும் நங்கூரம்தான் என்று பல மொழிபெயர்ப்பாளர்கள் கொள்கிறார்கள். அந்தக் கதை நடந்த முதல் நூற்றாண்டில்தான் நம் அரிக்கமேட்டுக்கு ரோமானியச் சரக்கும் வந்துகொண்டிருந்தது. 1945-இல் வீலர் தோண்டி எடுத்துக் காட்டினாரே, அதே அரிக்கமேடு.

நங்கூரம் என்ற சொல்லே நமக்குப் பாரசீகத்திலிருந்து வந்தது. சாதாரண நங்கூரம் கடலின் தரையைப் பிடிக்கும். தரை எட்டாத ஆழத்தில் அதற்கு வேலை இல்லை. அங்கே தண்ணீரையேதான் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் துணி. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஆங்க்ர் ஃப்ளோத்தாந்த்', அதாவது மிதக்கும் நங்கூரம் என்பார்கள்.

தரையைப் பிடித்த நங்கூரம் கைவிட்ட கதையும் நம் ஊரிலேயே உண்டு. புதுச்சேரிக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த சலங்குகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கொண்டுவரும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் கப்பல் வருவதும் போவதும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். 1760-ன் கடைசியில் ஆங்கிலேயர் ஊரைத் தரையில் கூட் தலைமையிலும், கடலில் ஸ்டீவன்ஸ் தலைமையிலும் முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே லாலி. 1761 ஜனவரி 1 அன்று புயல் அடித்தது. ஆங்கிலேயக் கப்பல்களில் மூன்று மூழ்கின, மூன்று ஊருக்குத் தெற்கே கரையில் ஒதுங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தளபதி ஸ்டீவன்ஸின் கப்பல் ஆழ்கடலுக்குப் போய்த் தப்பியது. சில நாட்களில் வேறு கப்பல்கள் வந்து முற்றுகை மறுபடி இறுகியது. அதே மாத நடுவில் ஊர் வீழ்ந்தது. பாடப்புத்தகத்தில் 'மூன்றாம் கர்நாடகப் போர்' என்று நான்கு வரியில் முடிந்துவிடும் விஷயம் இது. அத்தனை பெரிய கப்பல்களை ஒரு துணிப்பை காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. புயலில் நங்கூரக் கயிற்றை மட்டும் நம்பி நிற்க முடியாது என்பதை அந்த இரவு காட்டியது.

இதற்கு அடுத்த கதை உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1778 பிப்ரவரியில் பாரிசில் பெஞ்சமின் பிராங்க்ளினும் மற்ற அமெரிக்கத் தூதர்களும் பிரான்சோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டார்கள். அதன் விளைவாக இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. அந்தப் போரில் அடி வாங்கிய ஊர்களில் ஒன்று புதுச்சேரி. ஆகஸ்டில் நம் கடலில் கப்பல் சண்டை, அக்டோபரில் ஊர் சரணடைந்தது. அமெரிக்க விடுதலையின் விலையில் ஒரு பங்கை நம் ஊரும் கொடுத்திருக்கிறது. அந்தப் பிராங்க்ளின் 1785-இல் ஊர் திரும்பும்போது, கப்பலிலேயே உட்கார்ந்து பாரிஸ் நண்பருக்குக் கடல் பயணம் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். அதில் 'நீந்தும் நங்கூரம்' என்ற யோசனை வருகிறது. ஒன்று காற்றாடி போல, சட்டத்தில் துணி கட்டியது. இன்னொன்று குடை போல, இழுத்தால் விரிவது. ஆழம் அதிகமான இடத்தில் புயலில் சிக்கிய கப்பலின் ஓட்டத்தைக் குறைத்து, அதன் முகத்தைக் காற்றுக்கு நேராக நிறுத்தத்தான் இரண்டும். அதே 1785-இல்தான் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுகள், அலையோடு கரைக்கு ஓடி வரும்போது பின்னால் ஒரு கான்வாஸ் கூம்பை இழுத்துக்கொண்டு வந்தன. அலை படகின் பின்புறத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடாமல் இருக்க அந்தக் கூம்பு. அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கரையேறிய யாருக்கும் அதன் அருமை புரியும்.

இனி இன்றைக்கு வருவோம். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் என்று நம் பிள்ளைகள் பலரின் ஊர்கள் கடலோரம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் வெகுவாகக் குறைந்து, பைபர் படகும் இன்ஜினும் வந்துவிட்டன. நல்லதுதான், உழைப்பு குறைந்தது. ஆனால் கட்டுமரம் மூழ்காது, பாய் இருந்தால் திரும்பியும் வரும். பைபர் படகில் இன்ஜின் நின்றுவிட்டால் பெரும்பாலும் பாயும் இல்லை, துடுப்பும் போதாது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பும், அப்போதுதான் கவிழும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் குமரிக் கடலில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் படகின் முன்மூக்கில் கட்டிய ஒரு துணி நங்கூரம் இரண்டு வேலை செய்யும். படகின் முகத்தை அலைக்கு நேராக வைக்கும். காற்று அடித்துக்கொண்டு போகும் தூரத்தைக் குறைக்கும். தேடி வருபவர்களுக்குப் படகு அருகிலேயே கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நீரோட்டத்தை அது நிறுத்தாது. நம் கரை மீனவர்கள் வடக்கிலிருந்து ஓடும் தண்ணீரை வன்னி என்றும், தெற்கிலிருந்து ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். தண்ணீர் எங்கே போகிறதோ, பையும் படகும் அங்கேதான் போகும்.

மீன்பிடிக்குக் கட்டும்போது கயிறு குட்டையாக இருக்க வேண்டும், பை புரொப்பல்லரை எட்டக் கூடாது. புயலுக்குக் கட்டும்போது கயிறு படகின் நீளத்தைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். கயிறு உரசும் இடத்தில் துணி சுற்ற வேண்டும். பையின் வாலில் இன்னொரு மெல்லிய கயிறு கட்டிவைத்தால் திரும்ப இழுப்பது சுலபம். தார்ப்பாயில் தைத்துக்கொள்ளக்கூடிய பொருள்தான். அவசரத்துக்கு, கயிறு கட்டிய இரண்டு பெரிய வாளிகூட ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

குப்பங்களில் இருக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால், அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் படகில் இப்படி ஒரு பை இருக்கிறதா என்று அப்பாவிடமோ மாமாவிடமோ கேளுங்கள். இல்லையென்றால் ஒன்று தைத்துக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் வலையையோ வேறு எதையோ விட்டுப் படகை நிறுத்திய விதம் தெரிந்திருந்தால், அதற்கு அவர்கள் சொல்லும் பெயரோடு கீழே எழுதுங்கள். சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்