நாலு கம்பெனி, ஒரே துப்பாக்கி

இன்னிக்கு ஒரு பழைய பிஸ்டலோட ஸ்பேர் பார்ட்ஸ் பத்திப் பேசப் போறேன். இதுல என்ன வரலாறு இருக்குன்னு கேக்கலாம். எனக்கும் அந்த சந்தேகம் இருந்தது, ஒரு போட்டோவைப் பார்க்கிற வரைக்கும்.

அமெரிக்க ராணுவத்தின் எம்1911ஏ1 கைத்துப்பாக்கி அது. மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடில் ‘ரெமிங்டன் ராண்ட்’ என்று பொறித்திருந்தது. அது டைப்ரைட்டர் கம்பெனி! கீழே பிரேமில் இருந்த சீரியல் நம்பரோ கோல்ட் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. குழலில் ‘எச்எஸ்’, அதாவது ஹை ஸ்டாண்டர்ட். ஓரத்தில் ‘ஏஏ’ என்று ஒரு சின்ன முத்திரை வேறு. யாரோ உடைசல்களை ஒட்டவைத்து விற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பு என்னுடையது. அந்த ‘ஏஏ’ ஜார்ஜியாவில் இருந்த அகஸ்டா ஆயுதக் கிடங்கின் முத்திரை. கலந்து கட்டியது ராணுவமேதான்.

அதை அவர்களால் எப்படிச் செய்ய முடிந்தது என்பதுதான் இன்றைய கதை.

ஒரே மாதிரி பாகங்களைச் செய்து, எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற யோசனை பழசு. 1785-ல் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒரு பிரெஞ்சுக் கைவினைஞரின் பட்டறையில் குவிந்து கிடந்த பாகங்களிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து, துப்பாக்கி விசைகளைத் தானே பூட்டிப் பார்த்ததாக ஊருக்குக் கடிதம் எழுதினார். 1801-ல் எலி விட்னி வாஷிங்டனில் இதே வித்தையைச் செய்து காட்டி, பெரிய பேர் வாங்கினார். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தால், பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பேர் மட்டும் பாடப் புத்தகத்தில் தங்கிவிட்டது.

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஜெர்மனியின் லூகர் பிஸ்டலைப் பாருங்க. ஜெர்மன் ராணுவம் 1908-ல் எடுத்துக்கொண்ட அழகான துப்பாக்கி. அதைப் பிரித்தால் குட்டிக் குட்டிப் பாகங்களில்கூட சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பாகங்களைக் கையால் இழைத்துப் பொருத்தினார்கள். பாலிஷ், வண்ணம் என்று போய் வரும்போது இந்தப் பாகம் எந்தத் துப்பாக்கியோடது என்று தெரியணுமே, அதுக்குத்தான் நம்பர். வேலைப்பாடு அருமைதான். ஆனால் போர்முனையில் ஒரு பாகம் உடைந்தால், பக்கத்து வீரரின் லூகரிலிருந்து எடுத்து மாட்டுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 வேறு வழியில் போனது. ஆட்டினால் கடகடக்கும் என்று ராணுவத் துப்பாக்கிகளைக் கிண்டல் செய்வார்கள். பாகங்களுக்கு நடுவே விட்ட அந்தக் கொஞ்சம் இடம்தான் மண்ணையும் சேற்றையும் தாங்கியது. இன்னொரு துப்பாக்கியின் பாகத்தையும் ஏற்றுக்கொண்டது.

ஆனா, இதுவும் லேசுல வரலை. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917 ஏப்ரலில் ராணுவத்திடம் இருந்தது சுமார் 75,000 பிஸ்டல்கள். பல லட்சம் பேர் போகப் போகிறார்கள். கோல்ட் தனியாகச் சமாளிக்க முடியாது என்று ரெமிங்டன்-யுஎம்சி கம்பெனியையும் செய்யச் சொன்னார்கள். (அந்த டைப்ரைட்டர் கம்பெனி இல்ல இது. டைப்ரைட்டர் தொழிலை 1886-லயே தனியா வித்துட்டாங்க, பேர் மட்டும் ஒண்ணு.) கோல்ட்டின் டிராயிங்குகளை வாங்கிப் பார்த்தால், அவை முழுமையாக இல்லை, தாளில் இருந்த அளவும் பட்டறையில் செய்த அளவும் பல இடங்களில் வேறு வேறு. துப்பாக்கி உண்மையில் இருந்தது கோல்ட் தொழிலாளிகளின் கையிலும் தலையிலும். ரெமிங்டன் ஆட்கள் உட்கார்ந்து புதிதாக டிராயிங் போட்டு, உற்பத்தி சூடு பிடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. அவர்கள் செய்து கொடுத்தது 22,000-க்கும் குறைவு.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த துப்பாக்கி. அதை எப்படிச் செய்வது என்று முழுசாக எழுதி வைத்தவர் யாருமில்லை.

இரண்டாம் உலகப் போரில் சிங்கர் வந்தது. ஆமாம், நம்ம பாட்டி வீட்டுத் தையல் மெஷின் சிங்கர்தான். பரிசோதனையாக 500 பிஸ்டல் செய்துவிட்டு, விமான எதிர்ப்பு பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் கருவிகள் செய்யப் போய்விட்டார்கள். பெரிய அளவில் செய்தவை நாலு கம்பெனிகள்: கோல்ட், வேட்டைத் துப்பாக்கி செய்த இத்தாக்கா, ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், பிறகு ரெமிங்டன் ராண்ட். மொத்தம் சுமார் 19 லட்சம்.

நாலு இடத்துப் பாகங்களும் பொருந்தணும். அதற்கு கேஜ் வேண்டும். கோயம்புத்தூர் லேத் பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ‘கோ’ முனை உள்ளே போகணும், ‘நோ-கோ’ முனை போகக் கூடாது. அதற்குமேல் ஒரு சோதனையும் உண்டு. செய்து முடித்த சில துப்பாக்கிகளைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டிச் சுட்டுப் பார்ப்பார்கள். 1943 தொடக்கத்தில் ரெமிங்டன் ராண்ட் இதில் தோற்றது. போர் நடுவில், துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு இருக்கும்போதே, உற்பத்தியை நிறுத்தினார்கள். சுடுகிற துப்பாக்கிகள்தானே, அனுப்பிவிடலாம் என்று விட்டிருக்கலாம், விடவில்லை. கோளாறைச் சரிசெய்த பிறகு அதே கம்பெனிதான் எல்லோரையும் விட அதிகமாக, 8.5 லட்சத்துக்கும் மேல் செய்தது.

அந்தப் பிடிவாதத்தின் பலன் பிறகுதான் தெரிந்தது. ராணுவம் 1945-க்குப் பிறகு பல பத்தாண்டுகள் பெரிய அளவில் புதிய 1911 வாங்கவே இல்லை. பெரெட்டா வந்தது 1985-ல். நடுவே 40 வருஷம், கொரியா, வியட்நாம் எல்லாம் இந்தப் பழைய பிஸ்டல்கள்தான். தேய்ந்தவை அகஸ்டா, ராக் ஐலண்ட் போன்ற கிடங்குகளுக்குப் போகும். மொத்தமாகப் பிரித்து, தேய்ந்ததைக் கழித்துவிட்டு, நல்லதை எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் பூட்டி, முத்திரை குத்தி அனுப்புவார்கள்.

இப்போது சேகரிப்பாளர்களின் காலம். எல்லாப் பாகமும் ஒரே கம்பெனி என்றால்தான் நல்ல விலை, கலந்தது மட்டம். அதனால் தேடி அலைந்து கோல்ட் பிரேமுக்கு கோல்ட் ஸ்லைடு, இத்தாக்காவுக்கு இத்தாக்கா என்று மாற்றுகிறார்கள். இதற்கு ‘சரிசெய்தல்’ என்று பேர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் மட்டும்தான் அந்தத் துப்பாக்கியின் வரலாறா? அப்படி ‘சரிசெய்த’ சில துப்பாக்கிகளில் ‘ஏஏ’ முத்திரை இன்னும் பிரேமில் இருக்கும். அகஸ்டாவில் மாட்டிய பாகம் ஒன்றுகூட இருக்காது.