கொழுந்து பறிக்கும் கையும் மூளையின் மேற்பட்டையும்

இலங்கையின் மலைநாட்டு வரலாற்றை எழுதுவோர் 1867ஆம் ஆண்டை மறப்பதில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஆண்டு அது. 1869இல் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பற்றிக்கொண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி வீழத் தேயிலை ஓங்கிற்று. மகியங்கனைப் பாதையில் நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்துள்ள ஹுன்னஸ்கிரியவின் சரிவுகளும் இம்மாற்றத்துக்கு விலக்கல்ல.

இதே காலத்தில், 1870இல், பேர்லினில் பிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இருவர் நாயொன்றின் மூளை மேற்பட்டையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். எதிர்ப்புறக் கால் அசைந்தது. மேற்பட்டைக்கும் உடலசைவுக்கும் நேர்த்தொடர்பில்லை எனக் கருதிவந்தோர்க்கு இது பேரதிர்ச்சி. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே காலத்தில் நேர்ந்தமை தற்செயலே. ஆயினும், கையின் தொழிலைப் பற்றி விஞ்ஞானம் அறிந்தவற்றையும் தோட்டம் அத்தொழிலுக்கு இட்ட விலையையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது.

கொழுந்து பறிக்கும் பெண், நிரையில் நின்று, பசுமைக்குள் பசுமையைத் தேடுகிறாள். இரு இலையும் ஒரு மொட்டும் வேண்டும். முற்றிய இலையும் வளர்ச்சி ஓய்ந்த முளையும் வேண்டா. கண் வழியாக வந்த செய்தி முதலில் மூளையின் பின்புறத்திலுள்ள பார்வை மேற்பட்டையை அடைகின்றது. அங்கிருந்து ஒரு பாதை, காண்பது யாது என இனங்காண உதவுகின்றது. மற்றொன்று சுவர்ச்சோணை வழியே சென்று, கை எவ்வாறு அதனை எட்டவேண்டும் என்பதற்கு வழிகாட்டுகின்றது. இவ்விரு வழிகளின் பணியையும் 1992இல் கூடேலும் மில்னரும் இவ்வாறு விளக்கினர்.

இவ்வாராய்ச்சி வரலாற்றில் மிக முக்கியமானது மவுண்ட்காசிலும் அவர்தம் குழுவினரும் 1975இல் வெளியிட்ட ஆய்வு எனலாம். குரங்கு தான் விரும்பிய பொருளை நோக்கிக் கைநீட்டும்போது சுவர்ச்சோணையின் சில நரம்புக்கலங்கள் கிளர்ந்தன. அதே கையைப் பிறர் பிடித்து அசைத்தபோது அவை கிளரவில்லை. அசைவு ஒன்றே, நோக்கம் மட்டுமே வேறு. (இத்தகைய ஆய்வுகளுக்குப் பெருந்தொகையாகப் பயன்பட்டவை இந்தியக் குரங்குகள். அவற்றின் ஏற்றுமதியை இந்தியா 1978இல் தடைசெய்தது.) இதற்கு முன்னரே, 1971இல், கண்ணைவிட்டு மறைந்த குறியொன்றை நினைவில் வைத்திருக்கும் வேளையில் நுதற்சோணையின் முற்பகுதிக் கலங்கள் தொடர்ந்து இயங்குவதை பூஸ்டர் காட்டியிருந்தார். நோக்கம் அங்குக் காக்கப்பட, கை அதற்கேற்ப ஏவப்படுகின்றது. பயிற்சி மிகுந்த செயலில் மேற்பட்டைக்குக் கீழேயுள்ள நரம்புத் திரள்களும் பெரும்பங்கேற்பதால், தேர்ந்த கை எண்ணிப் பாராமலே செல்வதாகத் தோன்றும். எளிமை எனப் பார்ப்பவர் மயங்குவது இவ்விடத்திலேயே.

மொன்றியலில் பென்பீல்ட் 1937இல் வெளியிட்ட ஆய்வு, மேற்பட்டையில் கைக்கும் விரல்களுக்கும் உடலின் நடுப்பகுதியைக் காட்டிலும் மிகப் பரந்த இடம் ஒதுக்கப்பட்டிருப்பதைப் புலப்படுத்திற்று. தோட்டக் கணக்கோ வேறாக இருந்தது. கவ்வாத்து வெட்டும் ஆணின் வேலை வலுவுடையது. விரலால் கொழுந்தெடுக்கும் பெண்ணின் வேலை இலேசானது. நாட்கூலியும் அவ்வாறே குறைத்து வகுக்கப்பட்டது. குறித்த நிறை எடுக்காதவளுக்கு 'அரைப்பேர்' விழுந்தது. ஒரு நாளில் அவள் தெரிந்தெடுத்த ஆயிரக்கணக்கான முளைகளுக்கும் தவிர்த்துவிட்ட ஆயிரக்கணக்கானவற்றுக்கும் தராசில் இடமிருக்கவில்லை, தவிர்த்தது நிறுக்கப்படுவதில்லையன்றோ!

பெருந்தோட்டப் பெண்களின் நாட்கூலி ஆண்களுக்கு நிகராக்கப்பட்டது 1984இலேயாம். அதாவது, லூல்கந்துரவில் முதல் தேயிலை நாட்டப்பட்டு நூற்றுப் பதினேழு ஆண்டுகள் கழிந்தபின்னர்.